முகூர்த்தத்துக்குக் கருப்பு ரவிக்கை

சேலையூர்
21.4.2025

காந்திமதிக்கு அபிதகுஜாம்பாள் எழுதுவது.

உன் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்து லென்ஸ் வைத்திருப்பதாக உன் அண்ணன் நேற்று சொன்னார். நடந்து பதினோரு நாள் கழித்து, மோர் ஊற்றிக்கொள்ளும்போது சொன்னார். முப்பத்து நான்கு வருடம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவள் நான். இவ்வளவு தாமதமாக ஒரு செய்தி என் கைக்கு வந்ததே இல்லை.

போன் செய்து விசாரித்திருக்கலாம். ஆனால் போன ஆவணியில் திருநீர்மலைக் கல்யாண மண்டபத்தில், இருநூறு பேர் நடுவில், “இனிமே என் வாய் உங்க வாயோட பேசாது, இது சத்தியம்” என்று சொல்லிவிட்டுத் தாலி கட்டுவதற்கு முன்பே நீ இறங்கிப் போனாய். அண்ணன் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அத்தை மண்டபத்தில் இல்லை. பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தாய், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். நாத்தனாரை நலம் விசாரிப்பது என் கடமை, அதில் குறை வைக்கமாட்டேன்.

சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. குனிந்து பாரம் தூக்காதே. உனக்குச் சொன்னால் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜெயஸ்ரீயின் கருநீல முகூர்த்தப் புடவைக்கு நீ கருப்பு ரவிக்கை கொண்டுவந்து கொடுத்தாய். இது கருப்பு என்று மணப்பெண் அறையில் இருந்த அத்தனை பேரும் சொன்னபோது, “என் கண்ணுக்குத் தெரியாத நீலமா?” என்று கேட்டாய். அப்படிப்பட்ட கண்ணுக்கு எதற்கு ஆபரேஷன்?

இப்படிக்கு,
அபிதகுஜாம்பாள்

அனகாபுத்தூர்
27.4.2025

அண்ணிக்கு,

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல விசாரித்ததற்கு ரொம்ப சந்தோஷம். உங்கள் கடிதம் சேலையூரிலிருந்து இங்கே வர நாலு நாள் ஆகியிருக்கிறது. நடந்து வந்திருந்தால்கூட மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். உங்கள் இலாகாவைப் பற்றிப் பெருமை பேசுமுன் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கண் நன்றாக இருக்கிறது. சும்மா நன்றாக இல்லை, ஜோராக இருக்கிறது. உங்களுக்கு நம்பர் என்றால் பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன்: லென்ஸ் பவர் 23.5. அதற்கென்று ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஆதார் கார்டு பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா கேட்டார், “அம்மா, லென்ஸ தூரத்துக்கு வெக்கட்டுமா, கிட்டத்துக்கா? எல்லாரும் தூரம்தான் கேப்பாங்க.” நான் கையை நீட்டிக் காட்டினேன். “எங்க மேட்சிங் சென்டர் கவுன்டர் இவ்ளோ அகலம் டாக்டர். துணிய விரிச்சா எங்க விழுமோ அங்க வெச்சுடுங்க. மீதிக்கு நான் கண்ணாடி போட்டுக்கறேன்.” டாக்டரம்மா சிரித்துவிட்டார். இப்படித் தெளிவாக யாரும் கேட்டதில்லையாம்.

கட்டு அவிழ்த்ததும் முதலில் பார்த்தது நர்ஸ் போட்டிருந்த கோட்டு. அப்படி ஒரு வெள்ளை! “புதுசாம்மா?” என்றேன். “ஐய, நாலு வருஷமா இத்தான்மா போட்டுகினு கீறேன்” என்றாள். வீட்டுக்கு வந்தால் தரையெல்லாம் தூசு. நான் தினமும் பெருக்கிய தரை. கண்ணாடியில் யாரோ ஒரு கிழவி நிற்கிறாள். ராத்திரி தெரு விளக்கைப் பார்த்தால் சுற்றி வளையம் தெரிகிறது. அது கொஞ்ச நாளில் போய்விடுமாம். போகாவிட்டாலும் பரவாயில்லை, அழகாகத்தான் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆபரேஷன் செய்தது பனிமூட்டம் மாதிரி இருந்த மங்கலுக்கு, நிறத்துக்கு அல்ல. மேற்குத் தாம்பரத்தில் இருபத்து மூன்று வருஷமாகப் புடவைக்கு ரவிக்கைத் துணி மேட்சிங் எடுத்துக் கொடுக்கிறேன். ‘அந்த நெட்டை அக்கா இருந்தாத்தான் வாங்குவேன்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. ஜெயஸ்ரீ புடவைக்கு நான் ட்யூப்லைட் வெளிச்சத்தில் துணி எடுக்கவில்லை. இரண்டையும் கடை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் டெய்லர் ஆனந்தனிடம் கொடுத்தேன். அது கருநீலம்.

அந்த ரவிக்கை பீரோவில் அதே பையில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

காந்திமதி

சேலையூர்
5.5.2025

காந்திமதிக்கு,

நீ பெருமை பேசியதை இரண்டு தடவை படித்தேன். டாக்டரிடம் நீ சொன்ன பதில் நல்ல பதில். நல்லதை நல்லது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஜெயஸ்ரீ முழுகாமல் இருக்கிறாள். ஐந்தாம் மாதம். ஆனி மாதத்தில், ஜூலை 6 ஞாயிற்றுக்கிழமை, வளைகாப்பு என்று நாள் பார்த்திருக்கிறோம். முதல் வளையல் அத்தைதான் போடவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். உன்னிடம் அவளே பேசியிருப்பாள், நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். காரணம் சம்பந்தியம்மா ஜீவரத்தினம்.

மாப்பிள்ளை பைக்கிலிருந்து விழுந்தபோது, “முகூர்த்தத்துல கருப்பக் காட்டினாங்களே, அப்பவே நெனச்சேன்” என்றார். வீட்டில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் ஆனபோதும் அதையே சொன்னார். இப்போது, அந்த அத்தை வளையல் போட்டால் தான் சபையில் உட்காரமாட்டேன் என்கிறார். என் பெண் அந்த வீட்டில் தினமும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு மாப்பிள்ளையின் தங்கை ரவிக்கையைக் கடன் வாங்கி, பின் குத்திக்கொண்டு, தொளதொள என்று மணையில் உட்கார்ந்தாளே, அதைவிட இது அவளுக்குப் பெரிய அவமானம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் மகன் கார்த்திக்கு ஜெயஸ்ரீயைக் கேட்டாய். சொந்தத்தில் வேண்டாம் என்று நான்தான் மறுத்தேன். அந்தக் கோபத்தில், வேண்டுமென்றே கருப்பை எடுத்தாயா? மண்டபத்தில் எல்லார் முன்னாலும் இதே கேள்வியைக் கேட்டது தப்பு. ஆனால் கேள்வி இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. மன்னித்துவிடுவேன். இல்லை என்றால், நீலம் என்று மட்டும் மறுபடி எழுதாதே. அது கருப்பு.

அபிதகுஜாம்பாள்

அனகாபுத்தூர்
14.5.2025

அண்ணிக்கு,

கருப்புதான் அண்ணி.

இதை எழுத நாலு நாள் ஆனது. எழுதிவிட்டேன், இனிமேல் மீதியைச் சொல்வது கஷ்டமில்லை.

போன வெள்ளிக்கிழமை கடையிலிருந்து திரும்பும்போது பல்லாவரத்தில் பஸ் மாறினேன். என் லென்ஸ் கவுன்டர் தூரத்துக்கு வைத்ததல்லவா, பஸ் போர்டு கலங்கலாகத்தான் தெரியும். அதற்கென்று இருக்கிற கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கச் சோம்பேறித்தனம். யாரிடமாவது கேட்கலாம் என்றால் வீம்பு. ஏறிவிட்டேன். கண்டக்டர் கத்துகிறான், “இன்னாமா, போர்டு பாத்து ஏறமாட்டியா? அனகாபுத்தூர் வண்டி பின்னால வந்துகினு கீது. இது திருநீர்மலை.” பாதி வழியில் இறங்கினால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று கடைசி வரைக்கும் உட்கார்ந்தே போனேன். இறங்கினால் எதிரே அந்தக் கல்யாண மண்டபம்.

உங்கள் கடிதம் கைப்பையில் இருந்தது. மண்டபத்தைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன். ரங்கநாதா, என்னை ஏன் இங்கே இறக்கிவிட்டாய் என்று வாய்விட்டே கேட்டேன். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பீரோவைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு ரோஸி டீச்சரின் மகள் ப்ரியா கருநீல யூனிஃபார்ம் பாவாடை போடுகிற பெண். அதை வாங்கி வந்து ரவிக்கை பக்கத்தில் வைத்து வாசலுக்குக் கொண்டு போனேன். இடது கண்ணில் இன்னும் பழைய புரை அப்படியே இருக்கிறது. வலது கண்ணை மூடிக்கொண்டு அதால் பார்த்தேன். இரண்டும் ஒன்று. ஒரே நூலில் நெய்தது என்று சூடம் அணைத்துச் சொல்வேன். பிறகு இடது கண்ணை மூடிப் புதுக் கண்ணால் பார்த்தேன். பாவாடை நீலம். ரவிக்கை கருப்பு, அட்டக்கருப்பு. பத்துத் தடவை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். ரோஸி டீச்சர், “இன்னாக்கா, கண்ணடிச்சுக்கினே கீற?” என்று கேட்டுவிட்டார். சிரிக்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். ஆபரேஷன் செய்த கண் அழக்கூடாதாம். அழுதேன்.

கார்த்தி விஷயத்தில் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். என் பிள்ளைக்கு என்ன குறைச்சல் என்று ஒரு வருஷம் மனசுக்குள் பொருமினேன். ஆனால் கோபம் வந்தால் நான் வாயால் திட்டுவேன், துணியில் காட்டமாட்டேன். என் தொழிலில் என் கோபத்தைக் கலக்கிற வழக்கம் எனக்கு இல்லை. இத்தனை நாளும் நீலம், நீலம் என்று நான் சாதித்ததற்குக் காரணம், ஒத்துக்கொண்டால் இருபத்து மூன்று வருஷப் பேரும் போய்விடும் என்ற பயம்.

கள்ளி என்று பேர் வாங்குவதா, குருடி என்று பேர் வாங்குவதா? இரண்டில் ஒன்றுதான் மிச்சம். எழுதிக்கொள்ளுங்கள் அண்ணி. அன்றைக்கு நான் குருடியாக இருந்தேன். கள்ளியாக இல்லை.

காந்திமதி

சேலையூர்
19.5.2025

காந்திமதிக்கு,

நம்புகிறேன் என்று உடனே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் ஆசையைக் கொண்டுபோய் ஜீவரத்தினம் அம்மாளிடம் காட்ட முடியாது. அவருக்கு ஆதாரம் வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கும் வேண்டும். கையெழுத்தில்லாத ரசீதை நான் வாங்கிப் பழகவில்லை.

இத்துடன் பன்னிரண்டு சிறு கவர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நூல். சில கருப்பு, சில கருநீலம். எது எத்தனை என்று சொல்லமாட்டேன். கவரின் மேல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டிருக்கிறேன். எந்த எண் எந்த நிறம் என்ற பட்டியல் என் பீரோவில், அரக்கு வைத்து மூடிய உறையில் இருக்கிறது. உன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

முதலில் இடது கண்ணால் மட்டும் பார்த்து எழுது. மறுநாள் வலது கண்ணால் மட்டும். ரோஸி டீச்சர் பக்கத்தில் இருந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். சந்தேகமாக இருந்தால் ஊகித்து எழுது, விட்டுவிடாதே.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். இதைச் செய்.

அபிதகுஜாம்பாள்

அனகாபுத்தூர்
26.5.2025

அண்ணிக்கு,

கவரைப் பிரித்ததும் வந்த கோபத்தில் பன்னிரண்டையும் அடையாற்றில் கொட்டியிருப்பேன். எனக்கே நூல் காட்டிப் பரீட்சையா! கொல்லன் தெருவிலே ஊசி விற்கிற கதை. ரோஸி டீச்சர்தான், “அட எழுதித்தான் பாரேங்க்கா, எனக்கும் பேப்பர் திருத்தி நாளாச்சு, கை நமநமங்குது” என்று உட்கார வைத்தார்.

இடது கண்ணால் பார்த்தபோது எல்லாமே ஒன்று. முழுவதையும் கருப்பு என்றே எழுதிவிடலாம்போல் இருந்தது. ஊகிக்கச் சொன்னீர்களே என்று 2, 9, 12 மட்டும் நீலம் என்று எழுதினேன். மீதி ஒன்பதும் கருப்பு. எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் திருத்தாமல் அனுப்புகிறேன். வலது கண்ணுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 1, 3, 6, 10, 12 கருப்பு. மற்ற ஏழும் நீலம். இதில் ஒன்று தப்பு என்றாலும் கவுன்டரை விட்டு இறங்கிவிடுகிறேன். டீச்சர் கையெழுத்து கீழே இருக்கிறது, பள்ளிக்கூட முத்திரை வேண்டுமா என்றும் கேட்கச் சொன்னார்.

இன்னொரு சங்கதி. ஜெயஸ்ரீக்குத் தப்பாகக் கொடுத்த கண்தானே மற்றவர்களுக்கும் கொடுத்திருக்கிறது? தூக்கம் வரவில்லை. கடையில் ஒரு போர்டு எழுதி வைத்துவிட்டேன்: ‘இரண்டு வருடத்துக்குள் காந்திமதி எடுத்துக் கொடுத்த நீலம், கருப்பு, ஊதா மேட்சிங்கில் சந்தேகம் இருந்தால் புடவையுடன் வரவும். அப்போது அவள் கண் சரியில்லை. இப்போது சரி.’

முதலாளி கேஷவ் சார் பதறிப்போனார். “அக்கா, இன்னா பேஜார் இது? கடை பேரே கெட்டுடும். எடுத்துடுங்க.” நான் சொன்னேன், “இந்தக் கடைக்குப் பாதிப் பேர் என்னாலதான் சார் வந்துது. கெட்டா என்னாலயே கெடட்டும்.” பத்து நாளில் நாலு பேர் வந்தார்கள். இரண்டு தப்பு, மாற்றிக் கொடுத்தேன். இரண்டு சரியாகவே இருந்தது. நாலாவதாக வந்த பெண்மணி என் கண்ணையே உற்றுப் பார்த்து, “உள்ள என்னமோ கண்ணாடி மாதிரி மின்னுதே” என்றார். “ஆமாம்மா, என் லென்ஸு. நல்லா பாத்துக்கோங்க” என்று வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக் காட்டினேன். மூக்குத்தி வாங்கியபோதுகூட இப்படிக் காட்டியதில்லை.

ரிசல்ட்டை உடனே போடுங்கள். நாலு நாள் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

காந்திமதி

சேலையூர்
4.6.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

முதலில் ரிசல்ட். உன் இடது கண்ணில் பாதி தப்பு. வேண்டுமென்றே தப்பாக எழுதியவள் இப்படிக் கன்னாபின்னா என்று தவறியிருக்கமாட்டாள். அதை ஏற்றுக்கொண்டேன்.

வலது கண்ணில் பன்னிரண்டுக்குப் பத்து. நான்காம் எண்ணையும் ஏழாம் எண்ணையும் நீலம் என்று எழுதியிருக்கிறாய். என் பட்டியலில் அவை கருப்பு. பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்கமாட்டேன். ‘ஆகா, லென்ஸ் வைத்தும் பெருமைதான் மிச்சம்’ என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன். இரண்டும் ஒரே நூல்கண்டிலிருந்து வெட்டியவை. தவறியவள் இரண்டிலும் ஒரே மாதிரி எப்படித் தவறுவாள்?

நூல்கண்டை உன் அண்ணனிடம் நீட்டி என்ன நிறம் என்று கேட்டேன். “நீலம்” என்றார். எதிர்வீட்டுப் பட்டுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நீலம்தான் மாமி, ஏன்?” என்றாள். நீ சொல்வாயே என்று வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு அது கருப்பு. இப்போதும் கருப்பு. இன்னும் கேள். உன் அண்ணனின் கருப்புக் கால்சட்டைக்கு இரண்டு வருடம் முன்பு நான் அந்த நூலில்தான் கால்மடிப்பு தைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு தினமும் வாக்கிங் போகிறார். “ஏன் சொல்லல?” என்று கேட்டால், “சொன்னா நீ ஒத்துக்குவியா?” என்கிறார்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. முற்றியிருக்கிறது என்றார் டாக்டர்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. மண்டபத்தில் நீ ரவிக்கையைப் பையிலிருந்து எடுத்துப் புடவை மேல் வைத்தாய். என் கண்ணுக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ‘பொருத்தமாக இருக்கிறது’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சம்பந்தியம்மா, “ஐயோ, இது கருப்பு!” என்றார். இன்னும் நாலு பேர் ஆமாம் என்றார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால் சம்பந்தி வீட்டார் முன் குறைந்துவிடுவேன் என்று நினைத்தேன். அதனால் எல்லாரையும்விடச் சத்தமாக நானே ‘கருப்பு’ என்றேன். அதோடு விடாமல், நீ வேண்டுமென்றே செய்தாய் என்றும் கேட்டேன். நீ கண்ணால் தவறினாய். நான் தெரிந்தே தப்பு செய்தேன். இந்த ஒன்பது மாதமும் நான் உன்னைக் கேட்ட கேள்வியெல்லாம் என்னைக் கேட்டிருக்க வேண்டியது.

நேற்று இந்த நூல்கண்டையும் உன் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு ஜீவரத்தினம் அம்மாள் வீட்டுக்குப் போய், ஜெயஸ்ரீயையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சம்பந்தியம்மா நூல்கண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, “எனக்கு ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் வெச்சு ஆறு வருஷமாச்சு. அதுக்கு முன்னால எங்க வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்கு நீலம்னு நெனச்சுக் கருப்புப் புடவை கட்டிக்கினு நின்னவதான் நானும். யாரும் சொல்லல, போட்டோல பாத்துதான் தெரிஞ்சுது” என்றார். நூல்கண்டை என் கையில் திருப்பிக் கொடுத்து, “அத்தையே மொத வளையல் போடட்டும். நான் பக்கத்துல நிக்கறேன்” என்றார். ஜெயஸ்ரீ என் தோளில் சாய்ந்து அழுதாள்.

என் வலது கண்ணுக்கு ஜூன் 18, புதன்கிழமை காலை ஆபரேஷன். தூரத்துக்கு வைக்கட்டுமா கிட்டத்துக்கா என்று டாக்டர் கேட்கிறார். எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மன்னிப்பு என்ற சொல்லைத் தபாலில் அனுப்பினால் கனம் குறைந்துவிடும் என்று தோன்றுகிறது. இருந்தாலும் எனக்கு வேறு வழி இல்லை. என்னை மன்னித்துவிடு, காந்திமதி.

அபிதகுஜாம்பாள்

அனகாபுத்தூர்
12.6.2025

அண்ணிக்கு,

படித்து முடித்ததும் கடிதத்தைக் கசக்கி மூலையில் எறிந்தேன். சமைத்தேன், சாப்பிட்டேன். திரும்பப் போய் எடுத்து, மடியில் வைத்து நீவி, மறுபடி படித்தேன்.

வயிறு எரிகிறது அண்ணி. உங்களுக்கும் ஒன்றாகத்தான் தெரிந்ததா! ‘எனக்கும் நீலமாத்தாம்மா தெரியுது’ என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு பேரும் சேர்ந்து அசடு வழிந்திருப்போம். எல்லாரும் சிரித்திருப்பார்கள். தாலி கட்டும்போது நான் நம் பெண் பக்கத்தில் நின்றிருப்பேன். அந்த ஒரு நிமிஷம் இனி எனக்குக் கிடைக்காது. இதற்கு நான் உங்களைத் திட்டத்தான் போகிறேன், ஆயுசு முழுக்க, நேரம் கிடைக்கும்போதெல்லாம்.

ஆனால் சம்பந்தி வீட்டில் போய், மாப்பிள்ளை முன்னால், தன் தப்பைத் தானே சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சில் தைரியம் உண்டு? அந்த இடத்தைப் படிக்கும்போது ரோஸி டீச்சரைக் கூப்பிட்டு, “எங்க அண்ணி பாத்தியா!” என்று காட்டினேன். ‘எங்க அண்ணி’ என்று சொன்ன பிறகு கோபத்தை எங்கே கொண்டு வைப்பது?

கவுன்டரை விட்டு இறங்குகிறேன் என்று சவால் விட்டிருந்தேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இறங்கவில்லை.

லென்ஸ் விஷயம். நீங்கள் தூரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் ஜெயஸ்ரீ வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே போகப்போகிறோம்? பஸ் போர்டை நீங்கள் பாருங்கள், பிள்ளைக்குச் சட்டைத் துணி நான் பார்க்கிறேன். என் இடது கண்ணையும் இத்தனை நாள் வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தேன். அது என் பக்கத்துச் சாட்சி. இனி சாட்சி தேவையில்லை. வளைகாப்பு முடிந்ததும் அதற்கும் தேதி வாங்கிவிடுகிறேன்.

அண்ணன் கையில் அந்த முகூர்த்தப் புடவையைக் கொடுத்தனுப்பினீர்களே, அதை வாசல் வெயிலில் வைத்து ஆறு நீலத்தில் ஒரு நீலத்தை எடுத்துவிட்டேன். ஆனந்தன் தைத்தும் கொடுத்துவிட்டார். பிறகு கேஷவ் சார், கடைப் பெண்கள், தெருவில் போன இரண்டு பேர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் கண்ணை நான் நம்புகிறேன். ஆனாலும் கேட்டேன். கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்று இந்த வயசில் தெரிந்துகொண்டேன். வளைகாப்பு அன்று ஜெயஸ்ரீ அதே புடவையும் இந்த ரவிக்கையும் உடுத்திக்கொண்டு சபையில் உட்காரட்டும்.

கடைசியாக என் சத்தியம். 18ஆம் தேதி உங்கள் கண்ணைக் கட்டிவைப்பார்கள். இன்னொரு கண்ணில் புரை. நான் எழுதினால் உங்களால் படிக்க முடியாது. அண்ணன் படித்துக் காட்டினால் கல்யாணப் பத்திரிகையும் கரண்ட் பில்லும் ஒரே ராகம்தான். ஆகவே எனக்கு வேறு வழியில்லை, பேசித்தான் ஆகவேண்டும். திருநீர்மலைப் பெருமாளிடம் சொல்லிவிட்டேன். அவரும் மறுப்பு சொல்லவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இருப்பேன். கட்டு அவிழ்க்கும்போது அந்தப் புடவையையும் ரவிக்கையையும் உங்கள் மடியில் வைப்பேன். என்ன நிறம் என்று நான் சொல்லமாட்டேன், அண்ணனையும் சொல்லவிடமாட்டேன். யார் வாயையும் பார்க்காமல், உங்கள் கண்ணால் பார்த்து நீங்களே சொல்லுங்கள். என்ன சொன்னாலும் சரி. நான் பக்கத்திலேயே நிற்பேன்.

உங்கள்
காந்திமதி